மூச்சு முட்டுவது ஆக்சிஜன் குறைவதால் அல்ல

ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு மூச்சை அடக்கிப் பாருங்கள். பழக்கமில்லாதவர்களுக்கு 40, 50 வினாடியில் மார்பும் வயிறும் தானாக வெட்டி இழுக்கத் தொடங்கும். ஒரு நிமிடத்துக்குள் வாயைத் திறந்தே ஆகவேண்டும். அந்தக் கணத்தில் திரையில் இருக்கும் எண் பெரும்பாலும் 95ஐ ஒட்டியே நிற்கும். (நுரையீரலில் நடப்பது விரல் நுனியில் தெரியக் கொஞ்சம் தாமதமாகும், மூச்சை விட்ட பிறகும் அரை நிமிடம் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.) ஆக, அந்தத் தவிப்புக்கு ஆக்சிஜன் தீர்ந்துபோனது காரணம் இல்லை. வெளியேறியிருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு உள்ளே தேங்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடைக் கழிவாகத் தள்ளுகிறோம் என்று பள்ளியில் படித்தோம். தப்பில்லை. ஆனால் அந்தக் கழிவை அளந்து பார்த்துத்தான் உடல் அடுத்த மூச்சின் ஆழத்தையும் வேகத்தையும் முடிவு செய்கிறது என்பதைப் பாடம் அழுத்திச் சொல்வதில்லை. முங்கு நீச்சலில் பையன்கள் சாவதும், செப்டிக் டேங்கில் ஒருவர் பின் ஒருவராக விழுவதும், வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருக்கும் பெரியவர் மயக்கத்துக்குப் போவதும் இந்த ஒரு விஷயத்திலிருந்து புறப்படுபவை.

முதலில் காற்று போகும் வழி. மூக்கு, தொண்டை, குரல்வளை, அதற்குக் கீழே 10 முதல் 12 செ.மீ. நீளத்தில் மூச்சுக்குழாய். அது இரண்டாகப் பிரியும் இடத்தில் வலது கிளை சற்று அகலம், செங்குத்தும் கூட. குழந்தை விழுங்கப்போய்ப் புரையேறிய நிலக்கடலை பெரும்பாலும் வலது நுரையீரலில் அகப்படுவது அதனால்தான். கிளைக்குக் கிளை பிரிந்துகொண்டே போய் ஏறக்குறைய 23ஆவது பிரிவில் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து முப்பது கோடிக்குக் குறையாது. விரித்துப் போட்டால் 70 சதுர மீட்டர் அளவுக்கு வரும் பரப்பு அது.

நுரையீரலுக்குச் சொந்தமாக இழுக்கும் தசை கிடையாது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானம் கீழே இறங்குகிறது, விலா எலும்புகள் மேலும் வெளிப்பக்கமுமாக விரிகின்றன, மார்புக்கூட்டுக்குள் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று உள்ளே வந்து நிறைகிறது. சாதாரண மூச்சில் உதரவிதானம் இறங்குவது ஒன்று, ஒன்றரை செ.மீ.தான். வெளியே விடுவதற்கு வேலையே இல்லை. விரிந்த நுரையீரல் தானாகச் சுருங்குகிறது. ஆஸ்துமாக்காரர்கள் ‘மூச்சை இழுக்க முடியவில்லை’ என்று சொன்னாலும், அவர்களுக்குச் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் வெளிமூச்சுதான். உள்ளிழுக்கும்போது நுரையீரலோடு சேர்ந்து சிறு குழாய்களும் விரிகின்றன, விடும்போது குறுகுகின்றன. ஏற்கெனவே வீங்கியும் சுருங்கியும் இருக்கும் குழாய் அப்போது அடைத்துக்கொள்ள, பழைய காற்று உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. நிரம்பிய பாத்திரத்தில் மேற்கொண்டு ஊற்ற இடமில்லை.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரு மூச்சுக்கு இழுப்பது சுமார் 500 மி.லி. அதில் 150 மி.லி. நுண்ணறைகளை எட்டாமல் குழாய்களிலேயே நின்று, அப்படியே திரும்பி வெளியே வந்துவிடும். மருத்துவத்தில் அதைப் பயனற்ற வெளி என்பார்கள். இந்த 150ஐ மறந்துவிட்டால் மூச்சுக் கணக்கு முழுக்கத் தப்பிப்போகும். நிமிடத்துக்கு 12 முறை, 500 மி.லி. வீதம் இழுத்தால் மொத்தம் 6 லிட்டர். நுண்ணறைக்குப் போய்ச் சேர்வது 350 வீதம் 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை நிமிடத்துக்கு 24 முறை, 250 மி.லி. வீதம் மேலோட்டமாக இழுக்கிறவருக்கு உருப்படியாகச் சேர்வது 100 வீதம் 2.4 லிட்டர்தான். பார்ப்பவருக்கு இவர் அதிகமாக மூச்சு விடுவது போலத் தெரியும். உள்ளே கிடைப்பது பாதிக்குச் சற்று மேல்தான். வயிற்று அறுவை சிகிச்சை முடிந்தவர்களை, வலிக்குப் பயந்து மேல்மூச்சு மட்டும் விடாதீர்கள் என்று பிசியோதெரபிஸ்ட் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நுண்ணறையில் நடப்பது வெறும் அழுத்த வித்தியாசம். வாயுக்களின் அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டரில் சொல்வது வழக்கம், இனி மி.மீ. என்று வருவதெல்லாம் அதுதான். நுண்ணறைக் காற்றில் ஆக்சிஜன் 100 மி.மீ., அங்கே வந்து சேரும் சிரை ரத்தத்தில் 40. கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் 46, நுண்ணறையில் 40. நடுவில் இருக்கும் சவ்வின் தடிமன் அரை மைக்ரோமீட்டர் அளவு. சிவப்பணு தந்துகியைக் கடக்க முக்கால் வினாடி எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் ஏறக் கால் வினாடியே போதும். மிச்சம் அரை வினாடி உபரி. நுரையீரல் தழும்பு நோய் ஆரம்பத்தில் இருப்பவர் உட்கார்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, மாடிப்படி ஏறினால் மட்டும் விரல் எண் சரிவதன் கணக்கு இதுதான். நடக்கும்போது ரத்தம் வேகமாக ஓடுகிறது, உபரி நேரம் போய்விடுகிறது, தடித்த சவ்வைக் கடக்க அவகாசம் போதவில்லை.

ஏறிய ஆக்சிஜனில் ஏறக்குறைய எல்லாமே ஹீமோகுளோபினோடுதான் இருக்கிறது. 100 மி.லி. ரத்தத்தில் 20 மி.லி. ஆக்சிஜன் என்றால், கரைந்த நிலையில் இருப்பது வெறும் 0.3 மி.லி. அந்த ஹீமோகுளோபின் சாதாரண மூச்சிலேயே 97, 98 சதவீதம் நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு ஆழமாக இழுத்தாலும் நிரப்ப மிச்சம் இரண்டு சதவீதம்தான். ‘நாலு முறை ஆழமா இழுத்து உடம்புல ஆக்சிஜனை ஏத்திக்கோ’ என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ரத்தத்தில் ஏறுவதற்கு இடம் இல்லை.

கார்பன் டை ஆக்சைடின் கதை வேறு. அதற்கு இப்படி உச்சவரம்பு கிடையாது. வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டால் 40இலிருந்து 20க்குக் கூட இறங்கிவிடும். அடக்கினால் ஏறிக்கொண்டே போகும். ரத்தத்தில் அதில் 70 சதவீதம் பைகார்பனேட்டாக மாறிப் பயணம் செய்கிறது. மாறும்போது அமிலத்தன்மை கூடுகிறது. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தின் மேற்பரப்பில் இருக்கும் உணர்விகள் மூளையைச் சுற்றியுள்ள திரவத்தின் அந்த அமிலத்தன்மையைத்தான் அளக்கின்றன. 1905இல் ஜான் ஸ்காட் ஹால்டேனும் ஜே.ஜி. பிரீஸ்ட்லியும், மூச்சைக் கட்டுப்படுத்துவது நுண்ணறையிலுள்ள கார்பன் டை ஆக்சைடுதான் என்று காட்டினார்கள். (ஆக்சிஜனைக் கண்டுபிடித்த ஜோசப் பிரீஸ்ட்லி வேறு ஆள்.) ரத்தத்தில் அது 1 மி.மீ. கூடினாலே நிமிடத்துக்கு 2, 3 லிட்டர் காற்று கூடுதலாக இழுக்கிறோம். இவ்வளவு கூர்மையான உணர்வி.

ஆக்சிஜனுக்கும் உணர்வி உண்டு. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசியளவு உறுப்பு. அதன் வேலையைக் கண்டறிந்ததற்கு கார்னெய் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது சோம்பேறி. தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் 100இலிருந்து 60 மி.மீ. வரை இறங்கும்வரை பெரிதாக அசையாது. 60 மி.மீ. என்றால் ஆக்ஸிமீட்டரில் 90. அதற்குக் கீழே ஹீமோகுளோபினின் வரைகோடு செங்குத்தாக விழுகிறது: 40 மி.மீ.யில் 75 சதவீதம், 27இல் 50. கோவிட் காலத்தில் 80ஐ ஒட்டிய எண்ணோடு செல்போனில் பேசிக்கொண்டிருந்த நோயாளிகளைப் பார்த்து மருத்துவர்களே திகைத்தார்கள். அவர்களுடைய நுரையீரல் விறைத்துப்போகவில்லை, கார்பன் டை ஆக்சைடு தங்குதடையின்றி வெளியேறிக்கொண்டிருந்தது. தவிப்பை மூட்டும் சேதி மூளைக்குப் போகவே இல்லை.

இதற்கு நேர் உதாரணமாகப் பிறவியிலேயே வரும் ஓர் அரிய நோயைச் சொல்லலாம். பாக்ஸ்2பி என்ற மரபணுவின் பிழையால் கார்பன் டை ஆக்சைடை உணரும் திறன் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள். நுரையீரல் நல்ல நுரையீரல். விழித்திருக்கும்போது ஓரளவு மூச்சு ஓடும். தூங்கினால் குறைந்துபோகும், நின்றும் விடும். ராத்திரிக்கு வென்டிலேட்டர் வேண்டும். நீரில் மூழ்கினாலும் இவர்களுக்கு மூச்சு முட்டாது என்பதால் நீச்சலில் கண்ணை எடுக்கக்கூடாது என்று பெற்றோரை எச்சரிக்கிறார்கள்.

ஆரோக்கியமான பையன் ஒருவன் இதே நிலையைத் தானே வரவழைத்துக்கொள்ள முடியும். கிணற்றிலோ நீச்சல் குளத்திலோ யார் அதிக நேரம் தம் கட்டுவது என்று போட்டி. குதிப்பதற்கு முன் இருபது, முப்பது தடவை வேகமாக மூச்சை இழுத்து இழுத்து விடுகிறான். ஏற்கெனவே சொன்னபடி ஆக்சிஜன் ஏறவில்லை. கார்பன் டை ஆக்சைடு மட்டும் 20, 25க்கு இறங்கிவிட்டது. இப்போது தண்ணீருக்குள் நீந்துகிறான். தசைகள் ஆக்சிஜனைத் தின்கின்றன. 50ஐத் தொட்டால் ‘மேலே வா’ என்று உதைக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு அடிமட்டத்திலிருந்து ஏறிவர நேரம் பிடிக்கிறது. அதற்குள் ஆக்சிஜன் 30 மி.மீ. பக்கம் சரிந்தால் நினைவு தப்பும். தவிப்பு இல்லை, கையை ஆட்டுவதில்லை, சத்தம் இல்லை. கரையில் நிற்பவர்கள் ‘இன்னும் தம் கட்டுறான்’ என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிச் சாகிறார்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருபவர்கள் வேறெதைச் சொல்லாவிட்டாலும், குதிக்கும் முன் வேகமூச்சு கூடாது என்பதைச் சொல்லியே தீரவேண்டும்.

செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடை, பாழுங்கிணறு ஆகியவற்றில் ஆட்கள் ஏன் கூப்பாடு கூடப் போடாமல் விழுகிறார்கள் என்பதற்கும் இதே விடைதான், கூடுதலாக ஒரு விஷத்தோடு. ஆக்சிஜனே இல்லாத காற்றை இழுத்தாலும் கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியேறிக்கொண்டிருக்கும், எனவே மூச்சு முட்டாது. அதைவிட மோசமான ஒன்று அங்கே நடக்கிறது. நுண்ணறையில் ஆக்சிஜன் அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கிவிட, சிரை ரத்தத்தில் மிச்சமிருக்கும் 40 மி.மீ. ஆக்சிஜன் ரத்தத்திலிருந்து நுரையீரலுக்குத் திரும்பி ஓடுகிறது. ஒவ்வொரு மூச்சும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைக் கறந்து வெளியே கொட்டுகிறது. மூச்சை அடக்கியவர் ஒரு நிமிடம் தாக்குப்பிடிப்பார். அந்தக் காற்றை இரண்டு மூன்று முறை இழுத்தவர் சில வினாடிகளில் சரிவார்.

கழிவுத் தொட்டியில் இதோடு ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். அழுகிய முட்டை நாற்றம்தான் அதன் அடையாளம் என்பார்கள். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் மூக்கு சில நிமிடங்களில் மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குவார்கள். 700, 1000 என்றால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார், ஏனென்றால் செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியையே அது முடக்கிவிடுகிறது. கழிவைக் கிளறும்போது சேற்றில் அடைபட்டிருந்த வாயு குபீரெனக் கிளம்பும் என்பதால், இறங்கும்போது சரியாக இருந்த தொட்டி கால் மணி நேரத்தில் மரணக்குழி ஆகலாம்.

மெழுகுவர்த்தி இறக்கிப் பார்க்கும் பழக்கம் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறது. ஆக்சிஜன் 16 சதவீதம் அளவுக்கு இறங்கினால்தான் மெழுகுவர்த்தி அணையும். 19.5க்குக் கீழே போனாலே இறங்கக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. ஹைட்ரஜன் சல்பைடைச் சுடர் காட்டாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கும். ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரியும் வாயு நான்கையும் காட்டும் கருவி இருக்கிறது. மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் மூச்சுக் கருவி இல்லாமல் இன்னொருவர் இறங்கவே கூடாது. தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112. மனிதர்களை இப்படி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தொகையைவிட இயந்திரத்தின் ஒரு நாள் வாடகை எவ்வளவோ மலிவு என்பது இறக்கிவிடுகிறவர்களுக்குத் தெரியாததல்ல.

ஆகாயத்திலும் இதே மௌனம்தான். 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் நோக்கிப் புறப்பட்ட ஹீலியோஸ் 522 விமானத்தில் காற்றழுத்தப் பொறியின் குமிழ் தானியங்கி நிலைக்குத் திருப்பப்படவில்லை. எச்சரிக்கை ஒலித்தபோது விமானிகள் அதை வேறு ஏதோ கோளாறு என்று நினைத்து ஆராய்ந்துகொண்டே நினைவிழந்தார்கள். 121 பேரும் இறந்தார்கள். முதலில் உங்கள் முகமூடியை மாட்டுங்கள், பிறகு குழந்தைக்கு என்று பணிப்பெண் சொல்வது இதனால்தான். 35,000 அடியில் தெளிவாக இயங்கக் கிடைக்கும் நேரம் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்.

இனி வீட்டுக்கு வருவோம். புகைபிடித்ததாலோ, விறகடுப்பில் ஆண்டுக்கணக்கில் ஊதியதாலோ நுரையீரல் கெட்ட சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு) நோயாளி. பல மாதங்களாகவே கார்பன் டை ஆக்சைடு 50, 55 என்று உயர்ந்தே இருக்கிறது. சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேர்த்து அமிலத்தை ஈடுகட்டிவிட்டதால் முகுளத்து உணர்வியும் அதற்குப் பழகிவிட்டது. இவருக்கு வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், நிமிடத்துக்கு 1 அல்லது 2 லிட்டர், விரல் எண் 88 முதல் 92க்குள் நிற்கட்டும் என்று மருத்துவர் எழுதித் தந்திருப்பார். மகனுக்கு 90 என்ற எண் பொறுக்காது. ‘எல்லாருக்கும் 98 இருக்கு, அப்பாவுக்கு மட்டும் ஏன் குறையணும்?’ என்று 5க்குத் திருப்பிவிடுவார். எண் 98 ஆகும். அப்பா அமைதியாகிவிடுவார், நிம்மதியாகத் தூங்குகிறார் என்று வீடே சந்தோஷப்படும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு 80, 90 என்று ஏறிக்கொண்டிருக்கலாம். அது தூக்கமல்ல.

காரணம் மூன்று. ஆக்சிஜன் குறைந்த நுண்ணறைகளுக்குப் போகும் ரத்தக்குழாய்களை நுரையீரல் சுருக்கி வைத்திருந்தது. ஆக்சிஜனைக் கொட்டியதும் அவை திறந்து, காற்றோட்டமே இல்லாத இடத்துக்கு ரத்தம் வீணாக ஓடுகிறது. இதுதான் பெரிய காரணம். இரண்டாவது, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் கார்பன் டை ஆக்சைடைச் சுமக்க மறுத்து இறக்கிவிடுகிறது. இதைக் கண்டதும் ஹால்டேன் குழுதான், 1914இல். மூன்றாவது, கழுத்துத் தமனி உணர்வி தந்துகொண்டிருந்த உந்துதல் குறைகிறது. இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. ஆம்புலன்ஸில் இத்தகைய நோயாளிகளுக்கு அளவு பார்த்து ஆக்சிஜன் தந்தபோது இறப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்ததை ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்த ஆய்வு 2010இல் காட்டியது. காலையில் தலைவலி, பகலில் தூங்கி விழுவது, குழறல், நீட்டிய கை படபடவென்று அடித்துக்கொள்வது தெரிந்தால் விரல் எண்ணை நம்பி உட்கார்ந்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். அதற்காக 80இல் தவிப்பவருக்கு ஆக்சிஜனே தராமல் விடுவதும் கொலைதான். தரவேண்டும், 88–92 என்ற இலக்கோடு.

ஆக்ஸிமீட்டர் கார்பன் டை ஆக்சைடைப் பார்ப்பதில்லை என்பதை இங்கே மனதில் வைக்க வேண்டும். 660, 940 நானோமீட்டர் என்ற இரண்டு ஒளியை விரலில் பாய்ச்சி ஹீமோகுளோபினின் நிறத்தைப் படிக்கிறது; வேறொன்றும் தெரியாது. மூடிய அறையில் கரியடுப்பு வைத்துக் குளிர்காய்ந்தவருக்கு ஹீமோகுளோபினில் ஏராளமாகக் கார்பன் மோனாக்சைடு ஒட்டியிருந்தாலும் 98ஐ ஒட்டியே காட்டும். கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது 2020இல் வந்த அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு பரவலாகப் பேசப்பட்டது. நம் ஊரில் 93ஐயும் 94ஐயும் அவ்வளவு நம்பிக்கையோடு படிக்கக்கூடாது.

ஆஸ்துமாவில் கணக்கு தலைகீழ். கடும் இழைப்பில் நோயாளி வேகமாக மூச்சு விடுவதால் கார்பன் டை ஆக்சைடு 40க்குக் கீழே, 30, 32 என்று இருக்க வேண்டும். ரத்த வாயுப் பரிசோதனையில் 40 என்று வந்தால் ‘நார்மல்’ என்று மகிழக்கூடாது. தசைகள் களைத்துவிட்டன என்று பொருள். அடுத்த பரிசோதனையில் 50 ஆகலாம். வீசிங் சத்தம் நின்றதைக் குணம் என்று நினைப்பதும் இதே வகைத் தப்பு. சத்தம் எழுப்பக்கூடக் காற்று போகவில்லை.

பதற்றத்தில் வேகமூச்சு விடுபவருக்கும் 25, 28 என்று இறங்கும். மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், விரல்கள் மரத்துக் கோணிக்கொள்ளும். காகிதப் பையை முகத்தில் வைப்பது பழைய வைத்தியம், இப்போது வேண்டாம் என்கிறார்கள். உண்மையிலேயே மாரடைப்போ நுரையீரல் அடைப்போ இருந்தால் அந்தப் பை ஆளைக் கொன்றுவிடக்கூடும்.

கருவி ஏதும் இல்லாமல் வீட்டில் பார்க்கக்கூடியது மூச்சு எண்ணிக்கைதான். பார்ப்பது தெரிந்தால் மூச்சு மாறிவிடும், அதனால் நாடி பிடிப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 சரி. 25ஐத் தொட்டால் விரல் எண் என்ன சொன்னாலும் அவசரம். காய்ச்சல், இருமலோடு இருக்கும் குழந்தைக்கு இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்பது எல்லை. தொட்டாலே மருத்துவரிடம் காட்டவேண்டும். இன்னொன்று: ஆக்ஸிமீட்டர் 99, இருமல் இல்லை, வீசிங் இல்லை, ஆனால் பிள்ளை ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது, சில வாரமாகத் தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறது, இளைத்தும் விட்டது என்றால் நெபுலைசர் வைக்கக் கூட்டிப் போகாதீர்கள். சர்க்கரை நோயால் ரத்தத்தில் ஏறிய அமிலத்தைக் கார்பன் டை ஆக்சைடு வழியாக வெளியே தள்ளத்தான் அந்த மூச்சு ஓடுகிறது. சர்க்கரை அளவை அப்போதே குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.